சாம்பல் புதனுக்கு முன் இருபத்திரண்டு விருந்து

கார் பந்தய ஓட்டுநர் என்று என்னை யாருக்காவது அறிமுகம் செய்து வைத்தால் உடனே இரண்டு கேள்விகள் வரும். எவ்வளவு வேகம் போவீர்கள்? இதுவரை எத்தனை விபத்து? முதல் கேள்விக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். இரண்டாவது கேள்வியை இத்தனை வருடமாக மழுப்பி வந்திருக்கிறேன். இன்று சொல்லிவிடுகிறேன். என் வாழ்க்கையின் ஆகப் பெரிய விபத்து நடந்தபோது கார் நின்றுகொண்டிருந்தது. இன்ஜினைக்கூட யாரும் ஆன் செய்யவில்லை. நேரில் பார்த்த சாட்சிகள் என் மாமனார் வீட்டார் பதினான்கு பேர்.

நான் ஓட்டுவது ஓர் ஆள் மட்டும் உட்காரும் கார். கூரையும் இல்லை, கதவும் இல்லை. மேலே இருக்கும் திறப்பு வழியாகக் காலை விட்டு, பேன்ட் போடுவது போல உள்ளே இறங்க வேண்டும். அதில் உட்காரும் இருக்கையைக் கடையில் வாங்க முடியாது. காருக்குள் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து, அதன்மேல் நம்மை உட்கார வைத்து, பைக்குள் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றுவார்கள். நுரை பொங்கி, நம் முதுகு, இடுப்பு, மற்றதெல்லாம் எப்படி இருக்கிறதோ அப்படியே அச்சு எடுத்து இறுகிவிடும். அறுபத்துமூன்று கிலோ ஸ்டீபனுக்காக, அதாவது எனக்காக, அப்படி ஓர் இருக்கை செய்திருந்தார்கள். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் பென்னலூர், கார் பந்தய டிராக்குக்குப் பக்கத்திலேயே. டிராக்கில் டயர் உருட்டுவதில் ஆரம்பித்து, கெஞ்சிக் கூத்தாடி ஸ்டீயரிங்கைத் தொட்டு, இருபத்தேழு வயதில் ஒரு டீமில் சம்பளத்துக்கு ஓட்டுகிறவன் ஆனேன். எனக்கு அது பெரிய பெருமை. ஆனால் தொழிற்சாலைகள் நிறைந்த எங்கள் பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும், ஓர் ஆம்பிளையைப் பற்றி விசாரிக்க இரண்டே கேள்விதான் உண்டு. எந்தக் கம்பெனி? பர்மனென்டா, கான்ட்ராக்டா?

ரெஜினாவைப் பெண் கேட்டுப் போனபோது அவள் அப்பா அந்தோணிராஜ் மாமா இந்த இரண்டையும் வரிசை மாறாமல் கேட்டார். ரெஜினா ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் நர்ஸ். ரேஸ் நாட்களில் டிராக்குக்கு ஆம்புலன்ஸ் டியூட்டி வருவாள். பழக்கம் ஆனது அங்கேதான். (ஆம்புலன்ஸில் ஒருமுறைகூட ஏறாமல் ஆம்புலன்ஸ் நர்ஸைப் பிடித்தவன் நான்.) மாமாவுக்கு வாலாஜாபாத்தில் வீடு. ஒரகடத்தில் கார் கதவு செய்யும் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் இன்சார்ஜ்.

"பர்மனென்டா மாப்ள?"

"கான்ட்ராக்ட் மாமா. வருசா வருசம் ரென்யூ பண்ணுவாங்க."

"பி.எஃப்.?"

"இல்ல மாமா."

"கேன்டீன்?"

"பொட்டலம் வாங்கித் தருவாங்க."

மாமா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ரெஜினா சமையலறை வாசலில் நின்றபடி, "எனக்கு இவரப் புடிச்சிருக்கு, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டாள். மாமா கடைசியில் ஒரு கணக்குக்கு வந்தார்.

"சரி. உங்க சீசன் கடைசி ரேஸ் பிப்ரவரில வருதுன்னு சொல்றீங்க. அதுல அடுத்த வருசத்துக்குக் கையெழுத்து போட்டானுங்கன்னா உங்க இஷ்டம். இல்லன்னா எங்க கம்பெனில க்வாலிட்டி டிபார்ட்மென்ட்ல ஒரு வேக்கன்சி கீது. சொல்லி வெச்சிருக்கேன். மார்ச் ஒண்ணாந்தேதி ஜாயின் பண்ணிடணும்."

ஒத்துக்கொண்டேன். என் டீம் மேனேஜர் சுந்தர் சாரும் தெளிவாகச் சொல்லியிருந்தார். கடைசி ரேஸில் முதல் ஐந்து பேருக்குள் வந்தால் அடுத்த வருடமும் நான்தான் டிரைவர். முதல் ஐந்து எனக்குப் பெரிய விஷயம் இல்லை. வந்தே தீருவேன் என்று இருந்தேன். எதிரிகள் எல்லோரும் டிராக்கில் இருக்கிறார்கள் என்று நினைத்ததுதான் என் முட்டாள்தனம்.

பொங்கல் முடிந்த வாரம் கல்யாணம். எங்கள் பக்கத்தில் புதுமாப்பிள்ளையை ஒவ்வொரு உறவினர் வீட்டிலும் அழைத்து விருந்து வைப்பார்கள். போகாவிட்டால் பேச்சுவார்த்தை நின்றுவிடும். நாங்கள் கத்தோலிக்கர்கள் என்பதால் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம் தொடங்கிவிடும். அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் வீட்டில் கறி கிடையாது. கறி போடாமல் மாப்பிள்ளை விருந்தா? அந்த வருடம் சாம்பல் புதன் சீக்கிரமே வந்து தொலைத்தது. என் கடைசி ரேஸ் அதற்கு முந்தைய சனி, ஞாயிறு. மாமா இருபத்தைந்து வருடம் ஷிஃப்ட் போட்ட மனுஷர். ஒரு தாளை எடுத்தார், கோடு போட்டார், மத்தியானம் ஒரு வீடு, சாயங்காலம் ஒரு வீடு என்று இருபத்திரண்டு விருந்தையும் கல்யாணத்துக்கும் சாம்பல் புதனுக்கும் நடுவில் கச்சிதமாக அடைத்துவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் கறி கூடாது என்பதற்காக அந்த நாட்களில் வஞ்சிரம், இறால், நண்டு என்று பக்தியோடு எழுதி வைத்தார்.

முதல் விருந்து நல்லபடியாகப் போனது. இரண்டாவது, மாமாவின் அண்ணன் சவரிமுத்து பெரிய மாமா வீட்டில். தலைக்கறியை இலையில் தள்ளிக்கொண்டே அவர் கேட்டார்.

"மாப்ள, இந்த வாரம் இன்னா ஷிஃப்டு?"

எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனாரைப் பார்த்தேன். அவர் தன் இலையிலிருந்த வெங்காயத்தைத் தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். விஷயம் எனக்கு மெல்ல உறைத்தது. 'மாப்ள கார் கம்பெனில க்வாலிட்டி. லீவு நாள்ல பொழுதுபோக்குக்கு ரேஸும் ஓட்டுவாரு' என்று சொந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஜெனரல் ஷிஃப்ட், பெரிய மாமா." (சொன்னது மட்டுமில்லை, கேன்டீனில் சாம்பார் சுமார் என்று ஒரு குறையும் சேர்த்துச் சொன்னேன்.)

திரும்பி வரும்போது வண்டியில் ரெஜினாவிடம் பொரிந்து தள்ளினேன். அவள் பின்னாலிருந்து, "அப்பா சொன்னாரு, சரி. நீங்க ஏன் மண்டைய மண்டைய ஆட்டினீங்க?" என்றாள். அப்போதே ஒரு முடிவு எடுத்தேன். கடைசி ரேஸில் ஓட்டி, கையெழுத்து வாங்கி, அந்தத் தாளைக் கொண்டுபோய்ச் சவரிமுத்து பெரிய மாமா முன்னால் வைத்து, என் தொழில் இதுதான் என்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாத நல்ல மாப்பிள்ளையாக இருந்து காட்டுவேன். நல்ல மாப்பிள்ளைக்கு இலக்கணம் ஒன்றுதான். இலையில் எதையும் மிச்சம் வைக்கக் கூடாது.

வைக்கவில்லை. பாயா வந்தது, சாப்பிட்டேன். நாட்டுக்கோழி வந்தது, சாப்பிட்டேன். இலையை மூடக் கை போனாலே, "இன்னா மாப்ள, எங்க வூட்டு சாப்பாடு புடிக்கலயா?" என்று ஒரு குரல் வரும். கை தானாகத் திறந்துவிடும். ஒல்லியாக இருக்கிறேன் என்று எல்லோருக்கும் என்மேல் ஒரே பரிதாபம். நாலாவது வாரத்தில் கல்யாண பேன்ட் பொத்தானை மறந்துவிட்டு பெல்ட்டை மட்டும் நம்பி வாழ்ந்தேன்.

ரெஜினா எச்சரிக்காமல் இல்லை. "எழுபதத் தாண்டிடிச்சிங்க" என்றாள் எடை பார்க்கும் மிஷினைக் காட்டி.

"ஒரு ரேஸ் ஓட்டினா மூணு கிலோ வேர்வையிலயே போயிடும்."

"அது தண்ணி. ரெண்டு பாட்டில் குடிச்சா திரும்பி வந்துடும்."

"நீ ஆம்புலன்ஸப் பாரு. ரேஸ நான் பாத்துக்கறேன்." (இதைச் சொன்னவன் இப்போது என் கையில் கிடைத்தால் கன்னத்தில் ஒன்று வைப்பேன்.)

அதே வாரம் சுந்தர் சார் போனில் செய்தி அனுப்பினார். 'வெயிட் என்ன?' நான் அப்போது பதினெட்டாவது விருந்தில், ஒரு கையில் நல்லி எலும்போடு இருந்தேன். இன்னொரு கையால் '64' என்று தட்டி அனுப்பினேன். ஒரு கிலோ கூட்டிச் சொன்னதால் அது நேர்மை என்று என் மனசுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை டிராக்கில் பரிசோதனை. கார் தீப்பிடித்தால் டிரைவர் தானே வெளியே வர வேண்டும் என்பதால் ஒரு சோதனை வைப்பார்கள். உள்ளே உட்கார்ந்து, பெல்ட் போட்டு, சொன்னவுடன் பெல்ட்டைக் கழற்றி, ஸ்டீயரிங்கை உருவி, வெளியே குதிக்க வேண்டும். பத்து விநாடி அவகாசம். நான் எப்போதும் ஆறு விநாடியில் வெளியே நிற்பவன். அன்று ஆனது நாற்பத்தொன்று. அதுவும் எங்கள் மெக்கானிக் பாஷா பாய் பின்காலரைப் பிடித்துத் தூக்கியதால்.

அதிகாரி குறித்துக்கொண்டார். சுந்தர் சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு இன்னொரு சான்ஸ் குடுத்திருக்காங்க. அதுலயும் ஆகலன்னா கௌரி ஓட்டுவா" என்றார். கௌரி கோயம்புத்தூர்ப் பெண், டீமின் மாற்று டிரைவர். அவள் என்னைப் பார்த்துப் பாவமாகச் சிரித்தாள். அவள் கையில் ஒரு வெள்ளரிக்காய் இருந்தது.

பாஷா பாய் இருக்கையின் நுரையைக் கத்தியால் சீவ ஆரம்பித்தார். "நுரைய எவ்ளோ வேணா சீவலாம் தம்பி. காரச் சீவ முடியாது. மீதிய நீதான் பாத்துக்கணும்" என்றார்.

பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். இருபத்து நாலு மணி நேரம் இல்லை, ஆனால் என்னிடம் வைராக்கியம் இருந்தது. அன்று சாயங்காலம் கடைசி விருந்து, வல்லக்கோட்டையில் லூர்துசாமி சின்ன மாமா வீட்டில். அவர் ரெஜினாவின் சித்தி புருஷன். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ரெஜினாவைச் சொல்லச் சொன்னேன். கல்யாணம் ஆனதிலிருந்து நான் முதல்முதலாக மறுத்த சாப்பாடு அது. பிறகு ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் மழைக்கோட்டு போட்டு, தலையை மூடிக்கொண்டு நாலு மணி வெயிலில் ஒரகடம் ரோட்டில் ஓடினேன். வேர்வை ஷூவுக்குள் இறங்கிச் சளக் சளக் என்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு சளக்குக்கும் ஒரு நல்லி எலும்பு கரைகிறது என்று கணக்குப் போட்டேன்.

முதல் ஷிஃப்ட் விட்டு கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்தன. அதில் ஒன்று என்னைத் தாண்டிப் போய் நின்றது. படியிலிருந்து இறங்கியவர் லூர்துசாமி சின்ன மாமா.

"மாப்ள? காச்சல்னு சொன்னாங்க?"

"ஆமா... குளிருது சின்ன மாமா."

"குளுருக்கு ஏன் ஓடிக்கினு கீறீங்க?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. பஸ் ஜன்னல் முழுக்கத் தலைகள். சின்ன மாமா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தணல் மாதிரி கொதித்தது. (ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் போட்டு நாலு கிலோமீட்டர் ஓடினால் வேறென்ன செய்யும்.) "ஐயய்யோ, நெஜமாவே அடிக்குது. காச்சல்ல ரோட்ல திரியறாரே" என்று கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அரை மணி நேரத்தில் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். "காச்சலுக்கு வஞ்சிரக் குழம்பு காரமா உள்ள போனா நல்லது" என்று சித்தி ஊற்றினார். நண்டும் வந்தது. ஓடியதில் அகோரப் பசி வேறு.

சனிக்கிழமை காலை ஏழரைக்கே மாமா வீட்டு வேன் டிராக்குக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் பொழுதுபோக்கைப் பார்க்க மாமா, அத்தை, சவரிமுத்து பெரிய மாமா, லூர்துசாமி சின்ன மாமா என்று பதினான்கு பேர். கூடவே இரண்டு அடுக்குப் பாத்திரம். எங்கள் கார் நின்ற இடத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான். அன்று ஆம்புலன்ஸ் டியூட்டி ரெஜினாவுக்கு. அவள் தூரத்திலிருந்து என்னைப் பார்த்து, கையை மெதுவாக ஆட்டினாள்.

நான் மூச்சை வெளியே விட்டு வயிற்றை எக்கிக்கொண்டேன். பாஷா பாய் என் இடுப்பைச் சுற்றி முகப்பவுடர் கொட்டினார். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பாதி வழியில் நின்றது. "அமுக்குங்க" என்றேன். இரண்டு பேர் தோளைப் பிடித்து அமுக்கினார்கள். ஏதோ ஒன்று 'க்ளக்' என்றது. உள்ளே போய்விட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் கைதட்டினார்கள்.

அதிகாரி கடிகாரத்தை அமுக்கினார். பெல்ட் இரண்டு விநாடி. ஸ்டீயரிங் ஒரு விநாடி. பிரமாதம். இரண்டு பக்கமும் கையை ஊன்றி எழுந்தேன். தோள் எழுந்தது. நெஞ்சு எழுந்தது. மற்றதெல்லாம் வர மறுத்தது. மறுபடி எக்கினேன். இந்தமுறை காரும் என்னோடு சேர்ந்து எழுந்தது போல இருந்தது. மூன்றாவது முறை நான் எதுவும் செய்யவில்லை, ஏசுவே என்று மட்டும் சொன்னேன். அதிகாரி சற்று நேரம் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

பாஷா பாய் இழுத்தார். இன்னும் இரண்டு பேர் இழுத்தார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "யாரும் இழுக்காதீங்க. பார்ட் ஜாம் ஆயிருக்கு."

மாமா. வாசலில் நின்ற செக்யூரிட்டி முன்பு அவர் லைனில் வேலை பார்த்தவராம், உள்ளே விட்டுவிட்டார். மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டு காரைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடுப்பை மட்டும்தான் பார்த்தார்.

"மொதல்ல லூப்ரிகேசன் வேணும். எண்ண எதுனா கீதா?"

"கார்ல எண்ண ஊத்தக் கூடாது சார்" என்றார் பாஷா பாய்.

"பிலோமினா, நெய் டப்பாவ எட்து வா" என்று மாமா வேலியைப் பார்த்துச் சொன்னார். அத்தை சாதத்துக்கு ஊற்றக் கொண்டுவந்த நெய். வேலிக்கு மேலாக வந்தது. இருபுறமும் ஊற்றினார்கள். பாஷா பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சவரிமுத்து பெரிய மாமா ஒரு கக்கத்தையும், லூர்துசாமி சின்ன மாமா இன்னொரு கக்கத்தையும் பிடித்துக்கொண்டார்கள். என்னை உள்ளே மாட்ட வைத்த கைகள் அவை. மாமா ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்.

வந்துவிட்டேன். நான் மட்டும்தான் வந்தேன். ரேஸ் உடை இடுப்பிலிருந்து முழங்கால் வரை கிழிந்து காரின் விளிம்போடு தங்கிவிட்டது. உள்ளே நாங்கள் தீ பிடிக்காத துணியில் உடம்போடு ஒட்டிய வெள்ளை ஆடை போடுவோம். அது நெய்யில் நனைந்தால் எப்படி இருக்கும் என்று அன்று எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ரெஜினா ஆம்புலன்ஸ் போர்வையோடு ஓடிவந்து என்னைச் சுற்றினாள். சுற்றும்போது காதருகே, "வேர்வைல எவ்ளோ போச்சு?" என்று கேட்டாள்.

சுந்தர் சார் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் போனைத் திறந்து நான் அனுப்பிய '64' ஐக் காட்டினார். "நீ குண்டானது பிரச்சினை இல்ல ஸ்டீபன். இதுதான் பிரச்சினை" என்றார். நெய்யைத் துடைத்துவிட்டுக் கௌரியை உட்கார வைத்தார்கள். மறுநாள் அவள் நாலாவதாக வந்து அடுத்த வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். நான் போர்வையோடு வேனில் போய் உட்கார்ந்தேன். மார்ச் ஒன்று. க்வாலிட்டி டிபார்ட்மென்ட். பத்து வருடமாக நான் ஓடி ஓடிச் சேர்த்தது எல்லாம் ஒரு காலையில் முடிந்துவிட்டது என்று தோன்றியது.

மற்றவர்களும் வேனில் ஏறினார்கள். யாரும் சாப்பாட்டைத் திறக்கவில்லை. மாமா முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து விருந்து அட்டவணையை எடுத்து, பின்பக்கத்தில் பேனாவை வைத்தார்.

"வொய்-வொய் பண்ணலாம்."

கம்பெனிகளில் இது ஒரு வழக்கம். லைனில் ஏதாவது தப்பு நடந்தால் ஐந்து முறை ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். கடைசி ஏனில் உண்மையான காரணம் மாட்டும். யார்மேலும் பழி போடக் கூடாது என்பது விதி.

"ஒண்ணு. மாப்ள ஏன் மாட்னாரு?"

"இடுப்பு பெருசாயிடிச்சி" என்றார் சின்ன மாமா.

"ரெண்டு. ஏன் பெருசாச்சு?"

"உங்க அண்ணன் வூட்ல தலைக்கறி மூணு வாட்டி வெச்சாங்களே" என்றார் சித்தி.

"நேத்து காச்சல்காரனுக்கு நண்டு போட்டது யாரு?" என்றார் பெரிய மாமா.

"ஆளச் சொல்லக் கூடாது. நாம எல்லாரும்னு எழுதறேன்" என்று மாமா எழுதினார். "மூணு. ஏன் அவ்ளோ போட்டோம்?"

பெரிய மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவுரு ஒடம்புதான் இவுரு பொழப்புன்னு எங்களுக்கு இன்னா தெரியும்? தெரிஞ்சா போடுவோமா? ஜெனரல் ஷிஃப்ட்ல கதவ செக் பண்ற ஆளு, ஒல்லியா கீறாரேன்னு போட்டோம்."

"நாலு. ஏன் உங்களுக்குத் தெரி..." மாமாவின் பேனா நின்றுவிட்டது.

"நீதானப்பா அப்டி சொன்ன, அந்தோணி" என்றார் பெரிய மாமா.

"நானும் ஆமான்னு தலையாட்டினேன் மாமா" என்றேன். அவரைத் தனியாக விட மனசு வரவில்லை. மாமா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"அஞ்சாவது. நான் ஏன் அப்டி சொன்னேன்?" அவர் தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வெக்கமா இருந்திச்சி. மாப்ள இன்னா வேலன்னு கேட்டா, கார் ரேஸ் ஓட்றாருன்னு சொல்ல வாய் வர்ல. இவுருக்கு வெக்கம் இல்ல. எனக்குத்தான் இருந்திச்சி."

காரணம் என்ற இடத்தில் தன் பெயரை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் போர்வையிலேயே மூக்கைச் சிந்தினேன்.

"சரி, இனிமே இன்னா பண்றதுன்னு எழுதணும்" என்று அவர் குரலைச் சரிசெய்துகொண்டார். "மார்ச் ஒண்ணாந்தேதி நீங்க எங்கயும் ஜாயின் பண்ண வேணாம் மாப்ள. அந்த வேக்கன்சிக்கு ஆளா இல்ல. புதன்கிழமைலேர்ந்து நாப்பது நாளு கீது. ஒடம்ப எறக்கறோம்."

'எறக்கறோம்' என்றுதான் சொன்னார். அந்தப் புதன்கிழமை முதல் விடியற்காலையில் என் வீட்டு வாசலில் அவர் மொபெட் நிற்கும். கையில் ஒரு எடை மிஷின், ஒரு சார்ட். நான் ஓடுவேன், அவர் பின்னால் மொபெட்டில் வருவார். பெரிய மாமாவும் ஒருநாள் ஓட வந்து, முதல் டீக்கடையிலேயே தவத்தை முடித்துக்கொண்டார். இருபத்திரண்டு வீடுகளுக்கும் மாமா தானே போய், "என் மாப்ள ரேஸ் டிரைவர். கான்ட்ராக்ட்தான்" என்று சொல்லிவிட்டு வந்தார். சொந்தத்தில் யாரும் சிரிக்கவில்லையாம். ஈஸ்டர் அன்று நான் அறுபத்திரண்டு கிலோ. சுந்தர் சாரிடம் போய் நடந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். '64' ஐயும் சேர்த்து. அவர் இரண்டு மாதம் என்னை டயர் உருட்ட வைத்தார். மூன்றாவது மாதம் இரண்டாவது காரில் உட்கார வைத்தார். ஏழு விநாடியில் வெளியே வந்தேன்.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம் ஆகிறது. நான் இன்னும் ஓட்டுகிறேன், இன்னும் கான்ட்ராக்ட்தான். மாமாவின் எடை மிஷின் மட்டும் பர்மனென்ட் ஆகிவிட்டது. போன மாதம் சவரிமுத்து பெரிய மாமாவின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பேங்க்கில் வேலை பார்ப்பவர், நல்ல மனுஷர், கொஞ்சம் பூசின உடம்பு. முதல் விருந்துக்கு வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லி, எடை மிஷினில் ஏற்றினார்கள். மாமா சார்ட்டில் குறித்துக்கொண்டார். இலையில் கறி இரண்டே துண்டு விழுந்தது. யாரும் அவருக்குக் காரணம் சொல்லவில்லை. கேட்கவும் அவருக்குக் கூச்சம்.

கை கழுவும் இடத்தில் என்னை மெதுவாக மடக்கினார். "சகல, நான் பேங்க்ல உக்காந்து வேல பாக்கறவன். எனக்கு எதுக்கு சகல இதெல்லாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் மாமா வந்து நின்றார். சார்ட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே ரொம்ப அக்கறையாக விசாரித்தார்.

"உங்க பேங்க்ல அந்த லாக்கர் ரூம் கதவு எவ்ளோ அகலம் மாப்ள?"